ஒன்பதாவது வளைவில் நின்ற நேரம்

ஜூலை 3, வியாழன்

களத்தில் நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வை, அறிக்கைக்கு உதவும் என்றார் என் ஆய்வு வழிகாட்டி சம்பந்தம் சார். அறிக்கைக்கு உதவுவதைக் கணினியில் எழுதிக்கொள்கிறேன். உதவாதது இங்கே.

காரைப்பள்ளத்துக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. வீடு என்றால் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, தண்ணீர் மோட்டார் போடக் கீழ்வீட்டு அம்மாவின் தயவு. ஜன்னலைத் திறந்தால் செம்பூத்து மலை முழுதாகத் தெரியும். பார்க்க அழகுதான். மேலே போனால் செல்போன் வெறும் கடிகாரம். டவர் போட வனத்துறை விடாது, விட்டாலும் கம்பெனிக்காரனுக்குக் கட்டுப்படி ஆகாது.

எங்கள் கல்லூரியின் திட்டத்தை அக்காவிடம் போனில் விளக்கினேன். டவர் மலை ஏறாது, பஸ் ஏறும். ஆகவே பஸ்ஸில் ஒரு பெட்டி. மேல்கோம்பை ஜனங்கள் அனுப்பும் படம், பேச்சு, மனு எல்லாம் அங்கே ஓடுகிற மினி பஸ்ஸின் பெட்டியில் ஏறிக்கொள்ளும். அந்த மினி பஸ் மலையை விட்டு இறங்காது. மேல்கோம்பைக்கும் நடுமலையில் இருக்கிற மருதங்காட்டுக்கும் போய்வந்து, இரவு மேலேயே நின்றுவிடும். கீழிருந்து கொடிப்பாறைக்குப் போகிற பெரிய பஸ் காலையில் அதை ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எதிர்கொள்ளும். அந்தச் சந்திப்பில் ஒரு பெட்டி தன்னிடம் இருப்பதை மற்றதற்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய பஸ் மாலையில் இங்கே இறங்கியதும் டவர் கிடைத்து, எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். பதில்கள் மறுநாள் காலை இதே வழியாக மேலே ஏறும்.

"தபால்காரர் மாதிரின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள் அக்கா. இதற்காகவா மூன்று வருடம் படித்தாய் என்று கேட்காமல் விட்டாளே, அதுவரைக்கும் நல்லது.

ஜூலை 9, புதன்

இன்று பெரிய பஸ்ஸில் நானே ஏறிப் போனேன். ஓட்டுநர் துரைக்கண்ணு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை "பெட்டிக்காரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். முதல் வாரம் கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது.

எனக்கு இருந்த பெரிய கவலை இதுதான். ஓடுகிற இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று தாண்டும் நேரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குள் நாலு வரிக் கடிதம் போகும், பெரிய படம் போகாது. பாதி வந்த கோப்பை எங்கள் பெட்டி வைத்துக்கொள்ளாது, அழித்துவிடும். பெட்டியில் இடம் குறைவு. பாதிகளாகச் சேர்ந்தால் முழுசுக்கு இடம் இருக்காது. யோசித்து நான்தான் அப்படி எழுதினேன்.

ஒன்பதாவது வளைவு வந்தது. மேலிருந்து மினி பஸ் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், அது மலைச் சாலை வழக்கம். மினி பஸ் ஒதுங்கி நின்றது. துரைக்கண்ணு தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்திவிட்டார்.

"என்னா லூர்து, ராத்திரி மழையா?"

"மழையா அது? கூரைய பேத்துட்டுப் போயிருச்சு. வெத்தல கொண்டாந்தியா?"

வெற்றிலைக் கட்டு இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பை மிளகு இங்கே வந்தது. லூர்துசாமியின் மகள் பிளஸ் டூ மதிப்பெண், கீழே யார் வீட்டில் என்ன விசேஷம், எல்லாம் பேசி முடித்தார்கள். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அவர்களும் ஜன்னல் வழியாக அவரவர் உறவுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு பச்சையாக மாறி அப்படியே நின்றது. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது! மூன்று வருடமாக நான் தலையைப் பிய்த்துக்கொண்ட கணக்கை இரண்டு பேர் வெற்றிலைக்காக நின்று தீர்த்துவிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூலை 12, சனி

மேல்கோம்பை சுகாதார நிலையம். நர்ஸ் ஜெசிந்தா எனக்குச் சாப்பாடு போட்டார். கையடக்க ஸ்கேன் கருவியில் இதயத்தைப் படம் எடுக்கப் பயிற்சி பெற்றவர். அந்த வீடியோ பெரிய கோப்பு. சுருக்கி அனுப்பலாமே என்றால், வால்வு அசைவது தெளிவாகத் தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை என்கிறார் கீழே உள்ள டாக்டரம்மா மீனலோசனி.

எல்லாம் ரஞ்சிதம் என்ற பெண்ணுக்காக. இருபத்திரண்டு வயது, ஆறு மாதம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிவிட்டதாம். வயிறு பெரிதாகப் பெரிதாக இதயத்துக்குச் சுமை கூடும். இப்போதைக்கு மாத்திரை போதும், மாதம் ஒரு படம் அனுப்புங்கள், மோசமானால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ரஞ்சிதம் என் பையைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பொட்டி என் நெஞ்சத் தூக்கிட்டுப் போயிக் காட்டுமா?"

"காட்டும்."

"என்ன மட்டும் இங்கியே வுட்டுட்டா?" என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

அவள் புருஷன் சின்னான் வாசலில் நின்றான். அவன் வீட்டில் யாருக்கும் அவளைக் கீழே அனுப்ப மனசில்லை. போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று பயம். "டாக்டரம்மா எறக்குன்னு ஒரு வார்த்த சொன்னா அன்னிக்கே தூக்கிட்டு எறங்கிருவேன், யாரு தடுத்தாலும்" என்றான்.

டாக்டரம்மாவுக்கு ஒரு சங்கடம். நாலா பக்கத்திலிருந்தும் படங்கள் வருகின்றன, எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லை. போன வாரம் நான் ஒரு யோசனை சொன்னேன். கெட்டது என்றால் மட்டும் பதில் அனுப்புங்கள், நல்லது என்றால் எதுவும் வேண்டாம். அவருக்கும் வேலை மிச்சம், என் பெட்டிக்கும் இடம் மிச்சம். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

ஜெசிந்தா அதை ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறார். பதில் வரலைன்னா நல்லாருக்கன்னு அர்த்தம்.

ஜூலை 14, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

கல்லூரியில் ஆய்வுக் கூட்டம். நன்றாகப் பேசினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் அல்காரிதம், அலைவரிசை என்று எதிர்பார்த்திருந்தபோது துரைக்கண்ணுவும் லூர்துசாமியும் ஜன்னல் வழியாகப் பேசுகிற போட்டோவைத் திரையில் போட்டேன். பக்கத்தில் ஒரு வரைபடம். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஒன்பதாவது வளைவில் எவ்வளவு நேரம் இரண்டு பஸ்களும் நின்றன என்று தேதிவாரியாக. "எங்கள் தொழில்நுட்பத்தின் ரகசியம் இந்த நட்புதான்" என்றேன். கைதட்டினார்கள்.

போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரும் வந்திருந்தார். டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, "தினமும் நிக்கிறாங்களா மேடம்? ரொம்ப நல்லாருக்கு. அந்தப் படத்த எனக்கு ஒண்ணு அனுப்பி வைங்களேன்" என்றார். அங்கேயே அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

இரண்டு பேருக்கும் மெமோ. அனுமதியின்றி வழியில் வண்டியை நிறுத்தியது, எரிபொருள் விரயம், கால தாமதம். தேதி, நேரம் எல்லாம் போட்டு.

டிப்போவில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு வந்து காகிதத்தைக் காட்டினார். முப்பது வருடத்தில் முதல் மெமோவாம்.

"நேரம் மொதக்கொண்டு போட்டிருக்கான் பாரும்மா. கூட இருந்தவன் சொல்லாம இது எப்படித் தெரியும்? லூர்து கீழ மாத்தல் கேட்டு எழுதிப் போட்டிருக்கான். மேனேஜர்கிட்ட நல்ல பேரு வாங்கணுமில்ல? என்னயக் காட்டிக் குடுத்துட்டு, சந்தேகம் வராம இருக்கத் தனக்கும் ஒண்ணு வாங்கிக்கிட்டான்."

"அப்படி இருக்காதுங்க" என்றேன்.

"பின்ன யாரு?"

பெட்டியின் திருகாணி ஒன்று லூஸாக இருந்தது. அதை முடுக்கினேன். அவர் போய்விட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

நிற்கவில்லை. மினி பஸ் ஒதுங்கியது, துரைக்கண்ணு நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டே தாண்டினார். லூர்துசாமி தன் பக்கக் கண்ணாடியை ஏற்றியிருந்தார் என்று நடத்துநர் சொன்னார். லூர்துசாமிக்கு, துரைக்கண்ணுதான் சொல்லியிருப்பார் என்ற எண்ணமாம். இவருக்கு அவர் மேல் சந்தேகம், அவருக்கு இவர் மேல்.

பெட்டியில் கடிதங்கள் மட்டும் வந்தன.

ஆகஸ்ட் 4, திங்கள்

மினி பஸ் பெட்டி தன்னிடம் காத்திருப்பவற்றின் பட்டியலைத் தாண்டும்போது பெரிய பஸ் பெட்டிக்குத் தருகிறது. எண்ணும் அளவும் மட்டும் இருக்கும், யாருடையது என்று இருக்காது. அந்தரங்கம் காக்க நாங்களே அப்படி வைத்தோம். மூன்று நாட்களாகப் பட்டியலில் ஒரு பெரிய கோப்பு. தினமும் பாதியில் அறுந்து, தினமும் முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆடி மாதத்தில் யார் காதுகுத்து வைப்பார்கள் என்று தெரியவில்லை, ஆனால் இது காதுகுத்து வீடியோவாகத்தான் இருக்கும். அங்கிருந்து வரும் பெரிய கோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான்.

பல் வலிக்குக் கிராம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சேர்ந்த கோப்புகளின் விகிதம் படுத்துவிட்டது. சாருக்குப் போன் செய்தேன். ஓட்டுநர்கள் நிற்பதில்லை என்று சொன்னேன். ஏன் நிற்பதில்லை என்பதைச் சொல்லவில்லை.

"மாசக் கடைசியில டெல்லியிலேர்ந்து நிதி குடுக்கிற ஆளுங்க வராங்க. இந்த எண்ணிக்கையக் காட்ட முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிய கோப்புகளக் கணக்குலேர்ந்து எடுத்துடு. அது வேற வகைன்னு அடிக்குறிப்பு போட்டுக்கலாம்" என்றார்.

எடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. சாரே சபாஷ் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

அதே பெரிய கோப்பு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

டிப்போவில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். துரைக்கண்ணு தனியாக நின்றார். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"லூர்து அண்ணன்கிட்ட ஒரு தடவ மனசு விட்டுப் பேசுங்களேன்."

"எம் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன்மா அவன். வேற எவனாவது சொல்லியிருந்தா காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்." மிட்டாயைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒனக்கு ஏம்மா இந்த வேல? நீ ஒம் பொட்டியப் பாரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் காட்டிய படம்தான், உங்கள் இருவர் பெயரும் கெடும் என்று தெரியாமல் பெருமைக்குக் காட்டிவிட்டேன் என்று. வாய் வரை வந்தது. சொன்னால் இரண்டு பெட்டியையும் கழற்றித் தூக்கி எறிவார்கள், திட்டம் அதோடு முடியும், ஊருக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்காகத்தான் நினைத்தேனா என்று இப்போது யோசிக்க விருப்பமில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சின்னக் கடிதம், ஆகையால் வந்துவிட்டது.

"மேடம், நலமா? இங்க மழை நிக்கவே இல்லை. ரஞ்சிதத்துக்குக் கால் வீங்குது, ராத்திரி படுக்க முடியலைன்னு உக்காந்தே தூங்குது. படம் எடுத்து அனுப்பியாச்சு. டாக்டர்கிட்டேர்ந்து பதில் வரலை, அதனால பயமில்லைன்னு அவங்க வீட்ல சொல்லிட்டேன். எனக்கு மனசு கேக்கலை, ஆனா டாக்டர் பாத்துட்டு சும்மா இருக்காங்கன்னா சரியாத்தானே இருக்கும். உங்களுக்கு மலைவாழை வேணுமா?"

அனுப்பியாச்சு என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் போயிருக்கும். நிறுத்தம் இருந்த நாட்களிலேயே அனுப்பியிருப்பார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆபரேஷனில் இருப்பார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாதி வந்த கோப்பை அழிக்காமல் வைத்திருந்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிரலை மாற்றி எழுதத் தொடங்கினேன். மதியம் வரை சாப்பிடவில்லை. இதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். இடம் இடம் என்று அடித்துக்கொண்டேனே, இடத்தை வைத்து என்ன செய்தேன்?

மாற்றியதை மினி பஸ் பெட்டியில் ஏற்ற நான் நேரில் மேலே போக வேண்டும். வெள்ளிக்கிழமை, 29ஆம் தேதி டெல்லிக்காரர்கள் வருகிறார்கள். நடுவில் பெட்டியில் கை வைத்து ஏதாவது கெட்டுப்போனால் வம்பு. அது முடிந்து திங்கட்கிழமை போகலாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அதே கோப்பு. டாக்டருக்குப் போன் போட நினைத்தேன். கீழ்வீட்டு அம்மா மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார், அதிலேயே நேரம் போய்விட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை கொடுத்தார்கள். ஒரு கடி கடித்து வைத்துவிட்டேன். பல்லினால்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தொண்ணூற்று நான்கு. எழுந்து நின்று கைகொடுத்தார்கள். அடிக்குறிப்பை யாரும் படிக்கவில்லை. இன்னும் மூன்று மலைகளுக்கு விரிவுபடுத்தலாமாம்.

செப்டம்பர் 1, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மாற்றிய நிரல் பையில் இருந்தது. எட்டாவது வளைவைத் தாண்டியதுமே மேலிருந்து ஹாரன் சத்தம், விடாமல். ஒன்பதாவது வளைவில் மினி பஸ் நடுச்சாலையில் நின்றது.

"வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்றார் துரைக்கண்ணு. அதற்குள் லூர்துசாமி குதித்து ஓடி வந்தார்.

"தொர, புள்ளத்தாச்சிப் பொண்ணு மூச்சு வுட முடியாமத் தவிக்குது. நான் மருதங்காடு திரும்பல, நேரா கீழ எறங்குறேன். இருக்கிற ஜனத்த நீ ஏத்திக்க. வண்டியப் பின்னால எடு, எனக்கு வழி பத்தாது."

துரைக்கண்ணு உடனே பின்னால் எடுத்தார். பெரிய பஸ்ஸை அந்த வளைவில் பின்னுக்கு எடுப்பது லேசான வேலை இல்லை. நடத்துநர் இறங்கி நின்று கை காட்ட, அங்குலம் அங்குலமாகப் போனது. மினி பஸ் ஜனங்கள் மூட்டைகளோடு இறங்கி ஓடிவந்து இதில் ஏறினார்கள். "பாத்துப் போ லூர்து, நாலாவதுல மண்ணு சரிஞ்சிருக்கு" என்று துரைக்கண்ணு கத்தினார். இரண்டு பஸ்களும் பக்கத்தில் பக்கத்தில் வெகுநேரம் நின்றன.

நான் இறங்கும்போது பெட்டியைப் பார்த்தேன். விளக்கு பச்சையாகி நின்றது. பட்டியலில் இருந்த பெரிய கோப்பு முழுதாக வந்துவிட்டது. கொடுத்து முடித்ததும் மினி பஸ் பெட்டி தன்னிடம் இருப்பதை அழித்துவிடும். கொடிப்பாறைக்கு ஏறப்போகிற பஸ்ஸில் கோப்பு, கீழே இறங்கப்போகிற பஸ்ஸில் ரஞ்சிதம்.

மினி பஸ்ஸில் ஏறினேன். ஜெசிந்தா ரஞ்சிதத்தைச் சாய்க்காமல் உட்கார வைத்துப் பிடித்திருந்தார். உதடு நீலமாக இருந்தது, வாயோரத்தில் நுரை. சின்னான் கீழே உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் வைத்திருந்தான்.

"போன மாசம் பொறந்ததுமே படம் அனுப்பினேனே மேடம்" என்றார் ஜெசிந்தா. "பதிலு வரலியே. நீங்க சொன்ன மாதிரி, வரலைன்னா நல்லதுன்னுதானே இருந்தோம். டாக்டர் பாத்தாங்கதானே? பாத்தாங்கதானே மேடம்?"

போனில் சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. மூன்றாவது வளைவில் ஒரு கோடு வந்தது. ஆம்புலன்ஸைச் செக்போஸ்ட்டுக்கு வரச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கும் அடித்தேன். எடுக்கவில்லை.

ரஞ்சிதம் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியே இருந்தது. பிறகு இறுக்கம் இல்லை. வண்டி குலுக்கியதில் அப்படி என்று நினைத்தேன்.

செக்போஸ்ட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அதில் வந்தவர் நாடி பார்த்தார், நெஞ்சை அமுக்கினார், நெடுநேரம் அமுக்கினார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். குழந்தையும் இல்லை.

சின்னான் அழவில்லை. என்னிடம்தான் வந்தான். "டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலியேக்கா. சொல்லியிருந்தா அன்னிக்கே எறக்கியிருப்பேனே." யார் மேலும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. எங்கே தவறினோம் என்று நிஜமாகவே கேட்டான்.

நான்தான் தவறினேன். அவனிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை. இங்கே எழுதுகிறேன், இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 2, செவ்வாய்

விடியும்போதே டிப்போவுக்குப் போய்விட்டேன். பெரிய பஸ் நேற்று மாலை கீழே வந்ததும் பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. கோப்பு டாக்டரம்மாவுக்குப் போயிருக்கிறது. உடலை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் அவருக்கு எதுவும் தெரியாது. இரவே பார்த்துப் பதில் அனுப்பியிருக்கிறார். மேலே ஏற வேண்டிய தபால்களோடு அது காத்திருந்தது. திறந்தேன். திறக்க எனக்கு அதிகாரம் இல்லை.

"ரஞ்சிதத்தை உடனே கீழே கொண்டு வரவும், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். பயப்பட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள், காப்பாற்றிவிடலாம்."

அழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன். அப்போது துரைக்கண்ணு ஏறி வந்தார். நேற்று சின்னான் அந்தப் பெண்ணின் உடலோடு மேலே போக லூர்துசாமி வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டு, மேலாளரிடம் தடம் மாறியதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்து, மினி பஸ்ஸோடு மேலே திரும்பினாராம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"என்னம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் காட்டிய படம், மேலாளர் கேட்டது, நான் அனுப்பியது, மெமோ, நிற்காமல் போன நாட்கள், தினமும் அறுந்துகொண்டே இருந்த கோப்பு, காதுகுத்து வீடியோ என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டது, பதில் வராவிட்டால் நல்லது என்று சட்டம் வைத்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப லூர்து இல்ல" என்றார்.

ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

நான் மறுபடி பெட்டியிடம் போனேன். "இத அழிச்சிடறேன். அவங்க பாக்க வேண்டாம்."

"வேணாம்." திரும்பாமலே சொன்னார். "அந்தப் பையன் டாக்டரு என்ன சொன்னாங்கன்னு வாழ்நாள் பூரா கேட்டுக்கிட்டு இருப்பான். போவட்டும். நீயும் வா. நீயே அவங்கிட்ட சொல்லு."

பஸ் கிளம்பியது. முன் சீட்டில் உட்கார்ந்தேன். மேலே மழை இல்லை. ஒன்பதாவது வளைவில் மினி பஸ் ஒதுங்கி நின்றிருந்தது, கண்ணாடி இறக்கியிருந்தது. துரைக்கண்ணு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை.

பெட்டி விளக்கு நாங்கள் வந்து நின்றதுமே பச்சையாகிவிட்டது. இரண்டு வரிப் பதில் அது. அதற்கு வண்டியை நிறுத்தவே வேண்டியதில்லை.